இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு வாரக் கணக்கு

"சென்னை மேடவாக்கத்தில் வீடு. எனக்குச் சோழிங்கநல்லூரில் வேலை, கணவருக்குக் கிண்டியில். நான் வீடு வந்து சேர ஏழே முக்கால் ஆகிவிடும், அவர் வர எட்டரை. வெள்ளிக்கிழமை மட்டும் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பெரியவள் பத்தாம் வகுப்பு; செவ்வாய், புதன், வியாழன் எட்டரை வரை டியூஷன். சின்னவன் இரண்டாம் வகுப்பு, எட்டரைக்கே தூங்கி விழுவான். மாமியாருக்குச் சர்க்கரை. ராத்திரிக்கு என்ன செய்வது என்று பஸ்ஸில் வரும்போதே தலைவலி ஆரம்பித்துவிடுகிறது. வாரத்தில் மூன்று நாள் வெளியில் வாங்கித்தான் சமாளிக்கிறோம். எளிதாக ஒரு திட்டம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்கிறேன். நானும் 26 வருடம் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே நங்கநல்லூரில் ஆறு பேர் வீட்டுக்கு ராச்சாப்பாடு போட்டவள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன். உங்கள் தலைவலி எனக்கு நன்றாகவே தெரியும். சமைக்க அரை மணி நேரம்தான் ஆகும். ஆனால் பசியும் களைப்புமாக வந்து நிற்கும் ஏழே முக்கால் மணிக்கு, என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தால் அந்த அரை மணி நேரம் யோசனையிலேயே போய்விடும். அப்புறம் போனை எடுத்து ஆர்டர் போடத்தான் தோன்றும். ஆகவே யோசிக்கிற வேலையையும், கை அதிகம் பிடிக்கிற வேலையையும் அந்த நேரத்திலிருந்து கிளப்பி வேறு நேரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். இந்த ஒன்றைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

முதலில் பதார்த்தப் பட்டியல் எழுதாதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். திங்கள் சப்பாத்தி குருமா, செவ்வாய் புலாவ் என்று அழகாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுவார்கள்; புதன்கிழமையே அது குலைந்துவிடும். அதற்குப் பதிலாக ஏழு நாளையும் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே யார் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்கள் என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் வாரத்தை நான் எழுதிப் பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் நெருக்கடியான நாட்கள். திங்கள் சுமார். வெள்ளிக்கிழமை ஆறரைக்கே அடுப்படிக்குப் போக முடியும். சனி, ஞாயிறு வேறு கணக்கு. அப்படியென்றால் தேய்த்து, சுட்டு, குருமாவும் வைக்க வேண்டிய சப்பாத்தியை வெள்ளிக்கிழமை தவிர வேறு எந்த நாளிலும் வைக்கக் கூடாது. சப்பாத்தி எளிதான சாப்பாடு என்று நம் வீடுகளில் எப்படியோ பெயர் வாங்கிவிட்டது. ஐந்து பேருக்குப் பதினைந்து சப்பாத்தி தேய்த்துப் பாருங்கள், முக்கால் மணி நேரம் நின்ற இடத்தை விட்டு நகர முடியாது.

அந்தத் தாளோடு, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையும் ஞாயிற்றுக்கிழமையே ஒரு முறை பார்த்துவிடுங்கள். அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம், சஷ்டி என்று மாமியார் ஏதாவது விரதம் பிடிப்பவராக இருந்தால், அது செவ்வாய்க்கிழமை காலையில் தெரிவதைவிட முன்னாலேயே தெரிவது எவ்வளவோ மேல். அமாவாசை அன்று முட்டைத் தொக்கு செய்து வைத்துவிட்டு முழிக்க வேண்டியதில்லை. புரட்டாசி மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது என்றால் அந்த மாதத்துக்கு வாரக் கணக்கே கொஞ்சம் மாறும்.

இப்போது மாவுக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு வாரத் திட்டம் என்றால் அதன் முதுகெலும்பு இட்லி மாவுதான். அதற்கு ஒரு பெரிய குணம் இருக்கிறது: ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறும், அந்தந்த நாளுக்கு எது சரி என்று அதுவே சொல்லும். பொங்கிய முதல் இரண்டு நாள் இட்லி. மூன்றாம் நாள் இட்லி கொஞ்சம் தட்டையாக வரும், ஆனால் தோசை மொறுமொறுவென்று வரும். நான்காம் நாள் புளிப்பு ஏறியிருக்கும். அன்றைக்கு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம், இல்லையென்றால் ஊத்தப்பம். வெங்காயத்தின் இனிப்பு அந்தப் புளிப்பைச் சரிக்கட்டிவிடும். நம் பாட்டிமார்கள் இந்த வரிசையைத் தாளில் எழுதியதில்லை, ஆனால் இப்படித்தான் செய்தார்கள்.

அளவு சொல்கிறேன். நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உளுந்து புதியதாக இருந்தால் இது போதும். பழைய உளுந்தென்றால் கால் டம்ளர் கூட்டிக்கொள்ளுங்கள். அரிசியைத் தனியாகவும் உளுந்தையும் வெந்தயத்தையும் சேர்த்துத் தனியாகவும் நான்கு மணி நேரம் ஊற வையுங்கள். கிரைண்டரில் முதலில் உளுந்து. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து இருபத்தைந்து, முப்பது நிமிடம் ஓட வேண்டும். கோடையில் ஐஸ் தண்ணீர் தெளியுங்கள். கல் சூடேறினால் உளுந்து உபரியாகாது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு பொட்டு உளுந்து மாவைப் போட்டால் அது மிதக்க வேண்டும். மிதந்தால் எடுத்துவிடலாம். அப்புறம் அரிசியை ரவை பதத்துக்கு ஆட்டி, உப்புப் போட்டு, கையாலேயே கலந்து வையுங்கள். மே மாதத்தில் ஐந்து, ஆறு மணி நேரத்தில் பொங்கி வழியும். மார்கழி, தை மாதங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட எடுக்கும். அப்போது மாவுப் பாத்திரத்தை அடுப்பு மேடையில் வைக்காமல், அணைத்து வைத்த மைக்ரோவேவுக்குள்ளோ மூடிய அலமாரிக்குள்ளோ வையுங்கள்.

இங்கே ஒரு காரியம் செய்யுங்கள், இது எனக்குப் பல வருடம் கை கொடுத்தது. ஆட்டிய மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வெளியே வைத்துப் பொங்க விடுங்கள். மறுபாதியைப் பொங்க விடாமல் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிரில் அது அசையாமல் கிடக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி படுக்கப் போகும்போது அதை எடுத்து வெளியே வைத்தால், புதன்கிழமை காலையில் அன்றைக்கு ஆட்டியது போலப் பொங்கியிருக்கும். குளிர் தெளியக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். நான்கு டம்ளர் அரிசி மாவு முழுவதையும் இட்லியாக ஊற்றினால் ஐம்பதுக்குப் பக்கத்தில் வரும். உங்கள் வீட்டுக்கு அது மூன்று இரவுக்குக் காணும். அதில் ஒரு நாள் பிள்ளைகளின் காலை டிபனுக்கும் எடுத்தால் இரண்டரை இரவு.

ஆட்ட நேரமே இல்லாத வாரமும் வரும். அப்போது தெருமுனைக் கடையில் மாவு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றைக்கு ஆட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். பாக்கெட் ஊதிப் பந்தாக இருந்தால் அது ஏற்கெனவே புளித்த மாவு; அன்றே தோசைக்கு ஆகும், இரண்டு நாள் வைத்திருக்க ஆகாது.

என் பையன் ஏழாவது படிக்கும்போது ஒரு புதன்கிழமை ராத்திரி, பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் தோசையாம்மா?" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மாமியார்தான், "தோசையை ஏன் மாத்தறே? தொட்டுக்கறதை மாத்து" என்றார். அன்றைக்கு ராத்திரியே இருந்த இரண்டு முட்டையை உடைத்துத் தோசை மேலே ஊற்றி, மிளகுத்தூள் தூவிக் கொடுத்தேன். அவன் மூன்று தின்றான். தோசையும் இட்லியும் வெள்ளைத் துணி மாதிரி. எந்தச் சாயத்தையும் ஏற்கும். திங்கள் சாம்பார், செவ்வாய் தொக்கு, இன்னொரு நாள் பொடியும் நல்லெண்ணெயும், இன்னொரு நாள் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கடப்பா என்று போனால், பிள்ளைகள் மூன்று நாள் ஒரே மாவு தின்கிறோம் என்று நினைக்கவே மாட்டார்கள்.

மாவுக்கு அடுத்தபடி தக்காளித் தொக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாவு ஆட்டும்போதே பக்கத்து அடுப்பில் இது கொதிக்கட்டும். ஒரு கிலோ நாட்டுத் தக்காளி, அரைக்கிலோ வெங்காயம், பத்துப் பதினைந்து பல் பூண்டு. நல்லெண்ணெய் நூறு மில்லி தாராளமாக ஊற்றி, கடுகு தாளித்து, வெங்காயம் பூண்டு வதக்கி, தக்காளி போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, துளி வெல்லம் சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை சுருள வதக்குங்கள். முக்கால் மணி நேரம் ஆகும், நடுநடுவே கிளறினால் போதும். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும், ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது. இதில் இரண்டு கரண்டி எடுத்துச் சூடாக்கி, அவித்த முட்டையைக் கீறிப் போட்டுப் புரட்டினால் முட்டைத் தொக்கு. வறுத்த சேமியாவும் தண்ணீரும் சேர்த்தால் கிச்சடி. சூடான சோற்றில் பிசைந்தால் தக்காளி சாதம். கொஞ்சம் தண்ணீரும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதிக்க வைத்து, கரம் மசாலா தூவினால் வெள்ளிக்கிழமை சப்பாத்திக்கு ஒரு கூட்டு தயார். வெங்காயம் நறுக்கி, தக்காளி வதக்கும் வேலை வாரத்துக்கு ஒரே முறை.

பருப்பும் அப்படித்தான். ஞாயிறு ராத்திரி ஒரு டம்ளர் துவரம் பருப்போடு கைப்பிடி பாசிப்பருப்பும் சேர்த்துக் குக்கரில் குழைய வைத்து, ஆறியதும் இரண்டு டப்பாவாகப் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒன்று திங்கள் டிபன் சாம்பாருக்கு. இன்னொன்று புதன்கிழமைக்குள் தீர்ந்துவிட வேண்டும், அதற்கு மேல் வைக்காதீர்கள். தேங்காயை மொத்தமாகத் துருவிச் சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் போட்டுவிடலாம். ஆனால் அரைத்த தேங்காய்ச் சட்னியை நாளைக்கு என்று எடுத்து வைப்பது வீண் வேலை. ருசியும் போகும், சீக்கிரம் நொந்தும் போகும். நெருக்கடியான நாளுக்குச் சட்னியையே விட்டுவிட்டு இட்லிப் பொடியை நம்புங்கள். மாதத்துக்கு ஒரு தரம் வறுத்து அரைத்தால் வீட்டுக்குக் காணும்.

நீங்கள் கவுச்சி சாப்பிடுபவர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைக்கும் மீன் குழம்பை ஒன்றரைப் பங்காக வையுங்கள். திங்கட்கிழமை ராத்திரி புது மாவு இட்லிக்கு முந்தின நாள் மீன் குழம்பு! புளியும் காரமும் மீனில் இறங்கி, அதன் ருசியே வேறு. சாம்பார் வைக்கும் வேலையும் மிச்சம். மிச்சப்படும் பருப்பைச் செவ்வாய்க்கு வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வரத்து குறைந்து மீன் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் அதே இடத்தில் கருவாட்டுக் குழம்பையோ வத்தக்குழம்பையோ வைத்துக்கொள்ளுங்கள். வத்தக்குழம்பு மூன்று நாள்கூடச் சலிக்காமல் நிற்கும்.

காய்கறி வாங்குவதிலும் ஒரு வரிசை உண்டு. கோயம்பேட்டில் விலை மலிவுதான், ஆனால் மேடவாக்கத்திலிருந்து போய்வர ஆகும் நேரத்துக்கும் பெட்ரோலுக்கும் அது கட்டாது. பக்கத்துக் காய்கறிக் கடையே போதும். வாங்கியதில் வெண்டைக்காய், கத்திரிக்காய், பீன்ஸ் இவற்றைச் செவ்வாய்க்குள் தீர்த்துவிடுங்கள். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், சௌசௌ, பூசணி எல்லாம் வாரக் கடைசிவரை தாங்கும். கீரையை மட்டும் முன்கூட்டி வாங்காதீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் தள்ளுவண்டியில் வரும்போது வாங்கி அன்றைக்கே கடைந்துவிட வேண்டும். இன்னொன்று, காயை வாங்கி வந்ததும் கழுவி ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். அந்த ஈரத்தில்தான் பாதி அழுகுகிறது. துடைத்துத் துணிப்பையில் போட்டு வையுங்கள், சமைக்கும்போது கழுவினால் போதும்.

உங்கள் மாமியார் விஷயம் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டியது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், எல்லோரும் வரட்டும் என்று எட்டரை, ஒன்பது வரை காத்திருக்கக் கூடாது. சில மாத்திரைகளுக்கும் இன்சுலினுக்கும் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். டாக்டர் எந்த நேரம் சொல்லியிருக்கிறாரோ அந்த நேரத்துக்கு அவர் சாப்பிட்டுவிட வேண்டும். பேரன் பேத்தியோடுதான் சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் நீங்களும் கணவரும் உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கென்று தனிச் சமையல் வேண்டாம். அதே தோசையில் இரண்டு, கூடவே ஒரு கிண்ணம் நிறையக் காய்ப் பொரியல் அல்லது சுண்டல். வாரம் ஒரு நாளாவது வீட்டுக்கே அடை போடுங்கள். அரை டம்ளர் இட்லி அரிசி, அரை டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் கடலைப்பருப்பு, அரை டம்ளர் துவரம்பருப்பு, கால் டம்ளர் உளுத்தம்பருப்பு. காலையில் ஆபீஸ் கிளம்பும்போது தண்ணீரில் ஊறப் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். வெளியே நாள் முழுக்க ஊறினால் இந்த வெயிலுக்கு நுரைத்து நாறும். வந்ததும் காய்ந்த மிளகாய், சோம்பு, பெருங்காயத்தோடு மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்தால் பத்து நிமிடம். புளிக்க வைக்கத் தேவையில்லை. முருங்கைக் கீரை கிடைத்தால் ஒரு பிடி உருவிப் போடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கேழ்வரகு எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. கேழ்வரகிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். கூழாகவோ கஞ்சியாகவோ குடித்தால் சர்க்கரை சீக்கிரமே ஏறும். தோசையாக, அளவோடு, காயோடு என்றால் சரி.

பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு ஏதாவது வயிற்றில் விழுந்துவிட வேண்டும். டியூஷனுக்குப் போகும் பெண் எட்டரை வரை காலி வயிற்றோடு உட்கார்ந்தால், வந்ததும் எதைக் கொடுத்தாலும் எரிச்சல்தான். முந்தின ராத்திரி ஊற வைத்த கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ காலைச் சமையலோடு குக்கரில் வெந்துவிடும். வடித்து ஃப்ரிட்ஜில் வைத்தால், மாமியார் சாயங்காலம் கடுகு தாளித்துக் கொடுத்துவிடலாம். மிச்சம் இருப்பதே அவருடைய ராத்திரிக் கிண்ணம். சின்னவனுக்கு எட்டு மணிக்குள் ஊட்டிவிட வேண்டும். அவனுக்காக முதல் இரண்டு இட்லி. எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நாளென்று வெள்ளிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் இரண்டு பந்தியாக நடந்தால் அதற்காக மனசு கஷ்டப்பட வேண்டாம்.

உங்கள் கேள்வியில் "ராத்திரிக்கு என்ன செய்வது" என்ற தலைவலி முழுக்க உங்களுடையதாகவே இருக்கிறது. இதை நான் சொல்லாமல் விட மாட்டேன். கணவர் எட்டரைக்கு வருகிறார், சரி. அப்போது பெரியவளுக்கும் அவருக்கும் உங்களுக்கும் தோசை வார்க்கிற வேலை அவருடையதாக இருக்கட்டும். மாவு இருக்கிறது, தொக்கு இருக்கிறது, கல்லைப் போட்டு வார்க்க வேண்டியதுதான். முதல் வாரம் தோசை கிழியும், கிழியட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கரண்டியை வாங்கிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் கழுவுவதும் பூண்டு உரிப்பதும் பெரியவளும் அவரும் பங்கு போட்டுக்கொள்ளும் வேலை. பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு ஏன் வேலை என்று மாமியார் கேட்கலாம்; பூண்டு உரிக்கும் இருபது நிமிடத்தில் மதிப்பெண் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு புதன்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஏழே முக்காலுக்கு நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள். ஏழரைக்கே மாமியார் இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி, முதல் ஈடு வைத்துவிட்டார். காலையில் பொங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மாவை ஏழு மணிக்கு வெளியே எடுத்ததும் அவர்தான். நீங்கள் முகம் கழுவி வருவதற்குள் ஆவி வருகிறது. ஒரு அடுப்பில் பருப்பு டப்பாவைக் கவிழ்த்து, முருங்கைக்காய், தக்காளி, சாம்பார்ப் பொடி, நெல்லிக்காய் அளவு புளிக் கரைசல். இன்னொரு அடுப்பில் இட்லி இறங்குகிறது, அடுத்த ஈடு ஏறுகிறது. எட்டு மணிக்குச் சின்னவனுக்கும் மாமியாருக்கும் தட்டு போட்டாயிற்று. எட்டேகாலுக்குச் சாம்பாரில் தாளித்துக் கொட்டி அடுப்பை அணைத்துவிட்டு, நீங்கள் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடிக்கலாம். எட்டரைக்கு மேல் வருகிறவர்களுக்குத் தோசைக்கல் உங்கள் கணவர் கையில். இதில் எந்த இடத்திலும் நீங்கள் நின்று யோசிக்கவில்லை.

அப்படியானால் உங்கள் வாரம் இப்படி விழும். திங்கள் இட்லி, மீன் குழம்பு. செவ்வாய் தோசை, தொக்கு. புதன் ஃப்ரிட்ஜில் தூங்கிய பாதி மாவில் இட்லி, சாம்பார். வியாழன் பணியாரமோ ஊத்தப்பமோ, பொடி. மாவு தீர்ந்திருந்தால் அடை. வெள்ளி சப்பாத்தியோ, கீரைக் கடைசலும் சோறுமோ. சனிக்கிழமை வெளியில் வாங்குவதற்கு. ஞாயிறு ராத்திரி தயிர் சாதமோ ரவா உப்புமாவோ, ஏனென்றால் அன்றைக்கு நீங்கள் ஏற்கெனவே இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றிருப்பீர்கள்.

வெளியில் வாங்குவதை நான் கூடாது என்று சொல்ல மாட்டேன். வாரம் ஒரு நாள், இன்ன கிழமை என்று வைத்து வாங்குங்கள். பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள், அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. இதைத் தவிர, முழுச் சாப்பாட்டையும் வாங்காமல் பாதியை வாங்குகிற வழியும் இருக்கிறது. எங்கள் தெருவில் சாயங்காலம் சைக்கிளில் இடியாப்பம் வரும். பத்து இடியாப்பம் வாங்கி, வீட்டில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும், பெரியவர்களுக்குத் தொக்கும் வைத்தால் ராச்சாப்பாடு முடிந்தது. பரோட்டா மட்டும் கடையில் வாங்கி, குருமா வீட்டில் வைக்கலாம். காசும் குறையும், எண்ணெயும் குறையும்.

கெட்டுப்போவதைப் பற்றி அவசியம் ஒரு வார்த்தை. நம் ஊர் சூட்டில் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். முக்கியமாகச் சோறு. வேக வைத்தாலும் சாகாத ஒரு வகைக் கிருமி வித்து அரிசியில் இருக்கும். சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு மே மாதத்தில் மத்தியானம் கிளறிய எலுமிச்சை சாதத்தை மேடையிலேயே விட்டுவிட்டு, ராத்திரி சூடு செய்து எல்லோரும் சாப்பிட்டோம். விடியும்வரை வீட்டில் நான்கு பேருக்கு வாந்தி. அன்றிலிருந்து மிச்சச் சோறு என்றால் அகலமான தட்டில் பரப்பி, ஆறியதும் உடனே ஃப்ரிட்ஜ்தான். சாம்பாரையும் குண்டானோடு தூக்கி உள்ளே வைக்காதீர்கள், நடுவில் சூடு அப்படியே நிற்கும். சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். எடுக்கும்போது தேவையானதை மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்க வையுங்கள். மொத்தத்தையும் தினமும் சூடு பண்ணி மறுபடி உள்ளே வைக்கிற பழக்கம் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், மழைத் தண்ணீர் தேங்குவதைச் சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்த மாவு, பருப்பு, தேங்காய் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. மழை எச்சரிக்கை வந்தால் அந்த வாரம் மாவை இரண்டு நாளுக்கு மட்டும் ஆட்டுங்கள். அவல், ரவை, சேமியா, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், ஒரு பால் பவுடர் பாக்கெட் இவை எப்போதும் ஓர் அலமாரியில் இருக்கட்டும். கெட்டி அவலை நனைத்து, புளிக்காய்ச்சல் கலந்தால் புளி அவல்; ஒரே அடுப்பு, பத்து நிமிடம்.

முதல் வாரமே எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள். இந்த வாரம் மாவும் தொக்கும் மட்டும். பருப்பும் சுண்டலும் அடுத்த வாரம் சேரட்டும். ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்குக் கிரைண்டர் ஓட வேண்டுமென்றால் பன்னிரண்டு மணிக்கு ஊறப் போட வேண்டும், மீன் கழுவும் அவசரத்தில் அது மறந்துபோகும். ஆகவே அரிசியையும் உளுந்தையும் சனிக்கிழமை ராத்திரியே அளந்து, பாத்திரத்தில் போட்டு மூடி, அடுப்பு மேடையில் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள். வெந்தயத்தை மறக்காமல் உளுந்தோடு போடுங்கள்.